எந்தச் சேனல் ஓடுதோ, அந்தக் கட்சிதானா?

பல்லடத்துக்காரர் | 3 நவம்பர் 2025, இரவு 9.40

வீட்டுல எந்தச் சேனல் ஓடுதுன்னு சொல்லுங்க, அந்த வீட்டு ஓட்டு எங்க விழும்னு நான் சொல்றேனுங்க. சன் 1993, ஜெயா 1999, மக்கள் 2006, கலைஞர் 2007, கேப்டன் 2010, நியூஸ் ஜெ 2018. கட்சி பிரிஞ்சா சேனல் பிரியுது, சேனல் பிரிஞ்சா வீடு பிரியுது. என்ற வாதம் இதுதான்: ஆளுங்களோட அரசியலை முடிவு பண்றது சேனல். இல்லைங்கறவங்க ஆதாரத்தோட வாங்க.

செய்திமேசை | 3 நவம்பர் 2025, இரவு 10.25

வரிசை தலைகீழாகவும் இருக்கலாமே. அ.தி.மு.க. குடும்பம் ஜெயா வைத்தது, தி.மு.க. குடும்பம் கலைஞர் வைத்தது. வீடு வீடாகப் போய் எண்ணினால் நீங்கள் சொல்கிற கணக்கு அப்படியே வரும். எது முந்தி, எது பிந்தி என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், ஒரே மாதிரியான ஊர்களில் சிலவற்றுக்கு மட்டும் சேனல் வந்திருக்க வேண்டும். வந்ததற்குக் காரணம் அரசியலாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸ் சேனல் 1996 அக்டோபரில் தொடங்கியபோது ஏறக்குறைய அப்படி அமைந்தது. 2000க்குள் ஐந்தில் ஒரு ஊரின் கேபிளில்தான் அது ஏறியிருந்தது. டெல்லாவிக்னா, கப்லான் என்ற இரண்டு பொருளியலாளர்கள் சேனல் வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டு 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் வாக்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. பார்த்தவர்களில் 3 முதல் 28 சதவீதம் பேர் வரை மனம் மாறினார்கள் என்பது அவர்கள் கணக்கு, பார்வையாளரை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து.

அதாவது நூறு பேர் பார்த்தால் எழுபதுக்கு மேல் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அதற்காக அலட்சியப்படுத்தவும் முடியாது. 2021இல் மொடக்குறிச்சியில் வெற்றி வித்தியாசம் 281 ஓட்டு. அங்கே அரை சதவீதம் இந்தப் பக்கம் சாய்ந்தால் சட்டமன்ற உறுப்பினரே வேறு ஆள்.

பல்லடத்துக்காரர் | 3 நவம்பர் 2025, இரவு 10.50

அமெரிக்கக் கணக்கு நம்மூருக்கு ஒத்து வருமாங்க?

செய்திமேசை | 4 நவம்பர் 2025, காலை 6.15

எண் அப்படியே ஒத்து வராது. அங்கே இரண்டு கட்சி, இங்கே கூட்டணி, சாதி, வேட்பாளர், உள்ளூர்ச் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் வாதத்துக்கு எதிரான சாட்சி கோவையிலேயே இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 10 தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கு. 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சி தி.மு.க. கூட்டணிக்கு, அதுவும் பெருவாரியாக. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வீட்டில் ஓடிய சேனல் அதற்குள் மாறிவிடவில்லை.

சேனல் எண் பற்றி ஒன்று. மார்ட்டின், யுரோகோக்லு என்பவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கேபிள் வரிசையில் ஃபாக்ஸ் எந்த எண்ணில் இருக்கிறது என்பதையே அளவுகோலாக எடுத்தது. முன்வரிசை எண் என்றால் ரிமோட் அங்கே நிற்கும். வாரத்துக்கு இரண்டரை நிமிடம் கூடுதலாகப் பார்க்க நேர்ந்தவர்களிடமே குடியரசுக் கட்சிப் பக்கம் 0.3 சதவீதப் புள்ளி நகர்வு தெரிந்தது.

எண்ணை யார் ஒதுக்குகிறார்கள் என்பது இங்கே சாதாரண விஷயமில்லை. அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி வந்தபோது சேனல் வரிசை அரசின் கைக்குப் போனது. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய பொது விவாதத்துக்குப் பிறகு சேனல் மீதும் பேசியவர்கள் மீதும் வழக்குப் பதிவானது. அதை ஒட்டியே அரசு கேபிளில் அந்தச் சேனலின் எண் பின்னுக்குப் போனது, பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. தடை உத்தரவு என்று எதுவும் போட வேண்டியதில்லை. எண்ணை மாற்றினால் போதும்.

ஈரோட்டு வாசகன் | 4 நவம்பர் 2025, காலை 8.05

கட்சி ஊடகம் என்றாலே கேடு என்ற தொனி இங்கே ஏறிவருகிறது. அதை ஏற்க முடியாது. குடி அரசு 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்துதான் புறப்பட்டது. பெரியார் அதில் நடுநிலை வேடம் போடவில்லை. எதற்காக நடத்துகிறோம் என்பதை மறைக்கவும் இல்லை. முரசொலி, ஜனசக்தி, தீக்கதிர் எல்லாம் அப்படித்தான். வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும். தெரிந்து படிப்பவர் மனத்தில் ஒரு கழிவு போட்டுக்கொண்டுதான் படிப்பார்.

கழிவு போடாமல் உள்ளே போவது, ‘நடுநிலை’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவது. என் கவலை அங்கேதான்.

செய்திமேசை | 4 நவம்பர் 2025, பகல் 1.30

ஈரோட்டு வாசகன் சொன்னதற்கு மேசையில் நடப்பதை வைத்தே விளக்கம் தருகிறேன். ஒரு பொய்கூட எழுதாமல் செய்தியைச் சாய்க்க முடியும்.

அமைச்சர் ஒருவர் சாலைப் பணி ஆறு மாதம் தாமதமாகும் என்று சொல்கிறார் என்று வையுங்கள். ‘பணிகள் விரைவில் முடியும்: அமைச்சர் உறுதி’ என்று போடலாம். ‘பணி தாமதம்: அமைச்சர் விளக்கம்’ என்று போடலாம். ‘ஆறு மாதம் இழுக்கும்: அமைச்சர் ஒப்புதல்’ என்றும் போடலாம், ‘சாலை எப்போது? அமைச்சர் மழுப்பல்’ என்றும் போடலாம். நான்குக்கும் பேட்டி ஒன்றுதான். மறுப்பு தெரிவித்து யாரும் கடிதம் எழுத முடியாது. உறுதி, விளக்கம், ஒப்புதல், மழுப்பல் என்ற நான்கில் எது விழுகிறது என்பதை ஒரே தாளில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். எந்தக் கட்சிக்காரர் எப்போதும் ‘விளக்குகிறார்’, எந்தக் கட்சிக்காரர் எப்போதும் ‘மழுப்புகிறார்’ என்று தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது படம். ஒரே கூட்டத்தில் நூறு படம் எடுப்பார்கள். கண் பாதி மூடிய படம், வாய் கோணிய படம், காலி நாற்காலி தெரிகிற கோணம் எல்லாம் அதில் இருக்கும். எடுத்தது பொய்யில்லை, பொறுக்குவதில்தான் விஷயம்.

மூன்றாவது, பதில் எங்கே நிற்கிறது. குற்றச்சாட்டு முதல் பக்கம், மறுப்பு மறுநாள் ஏழாம் பக்கம். டி.வி.யில் குற்றச்சாட்டு நாள் முழுக்கக் கீழே ஓடும் வரியில், மறுப்பு இரவு பதினொரு மணிச் செய்தியில் ஒருமுறை.

விவாத நிகழ்ச்சியின் கட்டுமானமும் இதே வேலைதான். தலைப்பு எப்போதும் கேள்விக்குறியோடு இருக்கும், ‘திணறுகிறதா அரசு?’ என்பதுபோல. கேள்வி என்பதால் வழக்கு வராது. ஆனால் திணறல் மட்டும் மனத்தில் நிற்கும். நான்கு நாற்காலியில் கட்சிக்காரர் இருவர், ‘அரசியல் விமர்சகர்’ ஒருவர், ‘மூத்த பத்திரிகையாளர்’ ஒருவர். கடைசி இரண்டு நாற்காலியும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் என்றால் அது இரண்டுக்கு இரண்டு இல்லை, மூன்றுக்கு ஒன்று.

சோமனூர் தறி | 4 நவம்பர் 2025, இரவு 11.10

எல்லாரும் டி.வி.யிலயே நிக்கறீங்க. தறிக் குடோன்ல டி.வி. எங்கீங்க இருக்குது? சத்தத்துல எதுவும் கேக்காது. காதுல மாட்டற செட்டு, போன்ல யூடியூப், ஷிப்ட் முழுக்க. பனியன் கம்பெனியில டைலருங்களும் அப்படித்தான். கண்ணு துணியில இருக்கும், காது பேச்சுல இருக்கும். படம் பாத்தாத்தான் ‘இது பழைய வீடியோ’ன்னு தெரியும், காதுல மட்டும் கேக்கறவங்களுக்கு அந்தத் துப்பும் கிடைக்காது.

ஒரு பேச்சு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடும், அதே பக்கத்து ஆளே பேசுவாரு. இதை நிறுத்த வழி இருக்குதுங்க. அமைப்புகள்ல போயி ‘தானியங்கு இயக்கம்’ அணைச்சு வெக்கணும். ஒரே பக்கமாத் தள்ளற சேனலு மேல மூணு புள்ளியத் தொட்டு ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ன்னு குடுக்கணும். பார்த்த வரலாறு, தேடல் வரலாறு ரெண்டையும் அழிச்சுட்டாப் பரிந்துரை புதுசாத் தொடங்கும். மூணையும் சேந்தாப்புலப் பண்ணணும். வரலாற மட்டும் அழிச்சுட்டுத் தானா ஓடறத விட்டுட்டா, கொஞ்ச நாள்ல பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுரும்.

ஈரோட்டு வாசகன் | 5 நவம்பர் 2025, காலை 7.20

சோமனூர்க்காரர் சொல்வதோடு பேக்கரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவும் ஒஹாயோவின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் சந்தித்துக் கேட்டார்கள். வானொலியும் பத்திரிகையும்தான் மனத்தை மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள். மாறியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஓர் ஆளைத்தான் காட்டினார்கள். அந்த ஆள் பத்திரிகை படிப்பவர், சுற்றியிருப்பவர்கள் அவர் சொல்லைக் கேட்பவர்கள். நம்மூரில் அவர் காலை ஆறு மணிக்கு பேக்கரி பெஞ்சில் பேப்பரை முதலில் எடுப்பவர். இன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுபவர்.

ஆக, பல்லடத்துக்காரரின் கேள்வியைச் சற்று மாற்ற வேண்டும். எந்தச் சேனல் ஓடுகிறது என்பதைவிட, சேனலில் கேட்டதை யார் வாயால் மறுபடி கேட்கிறோம் என்பதே முக்கியம்.

நாமக்கல் பண்ணை | 5 நவம்பர் 2025, பகல் 12.45

அரசியல் குழுவுல வர்ற அரசியலை யாரும் பெருசா நம்பறதில்லைங்க. எல்லாருக்கும் தெரியும் அது கட்சிக் குழுன்னு. நம்பற இடம் வேற. முட்டை விலை போடற குழு, கொப்பரை விலை போடற குழு, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணி எந்த மடைக்கு எப்ப வருதுன்னு போடற குழு, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகக் குழு. தினம் காலையில சரியான விலை போடற அதே நம்பர்ல இருந்து ஒரு அரசியல் வீடியோ வந்தா, விலைக்கு உள்ள நம்பிக்கை அதுக்கும் போயிருது. பிரச்சாரம் பண்றவங்களுக்கு இது நல்லாத் தெரியும். புதுசாக் குழு தொடங்கறதை விட, ஓடிட்டிருக்கற குழுவுல ஒரு ஆளைப் புடிக்கறதுதான் அவங்களுக்கு லேசு.

அரசியல் இல்லாத ஒரு உதாரணம் சொல்றேன், இயக்கம் ஒண்ணுதான். 2020 பிப்ரவரி, மார்ச்சுல கோழிக்கறி தின்னாக் கொரோனா வரும்னு பரவுச்சு. இந்தியாவுல ஒரு கோழிக்கும் அது இல்ல. பல்லடத்துலயும் நாமக்கல்லுலயும் பண்ணை விலை உற்பத்திச் செலவுக்குக் கீழ விழுந்துச்சு. அதிகாரிங்க மறுத்தாங்க, பண்ணைக்காரங்க இலவசமாக் கறி சமைச்சுப் போட்டாங்க. அப்பவும் உடனே நிமிரல. மறுப்பு பேப்பர்ல வந்துச்சு, வதந்தி குழுவுல வந்துச்சு. ரெண்டும் ஒரே எடத்துல சந்திக்கவே இல்லைங்க.

சரிபார்ப்பு கோவை | 5 நவம்பர் 2025, இரவு 9.30

இந்த இழையில் திருப்பூர் 2023 இன்னும் வராதது ஆச்சரியம். கொங்கு மண்ணில் பிரச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நெருக்கமான பாடம் கிடையாது.

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. மாநிலக் காவல்துறைத் தலைவரே வெளியில் வந்து மறுத்தார். முதலில் பரவிய இரண்டு வீடியோவில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பின்னால் பரவியவற்றில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலையும் இருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது, அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடமே கேட்டார்கள். திருப்பூர் நிர்வாகம் இந்தியில் பேசும் உதவி எண் திறந்தது.

வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். வீடியோக்கள் உண்மையானவை, ரத்தமும் உண்மை. இடமும், காலமும், யார் யாரை என்பதும் மட்டும் மாற்றப்பட்டன. அதுவும் ஹோலி நெருங்கிய வாரம், மார்ச் 8 பண்டிகை. ஊருக்குப் போக எப்படியும் டிக்கெட் எடுத்திருந்தவர்கள் கோவை, திருப்பூர் ரயில் நிலையங்களில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்து, ‘பாருங்கள், பயந்து ஓடுகிறார்கள்’ என்று போட்டார்கள். வதந்தி தனக்கான சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொண்டது. உண்மையிலேயே பயந்து கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்ததால் பிரித்துக் காட்டவும் முடியவில்லை.

இதற்கு முந்தைய ஜனவரியில் அதே திருப்பூரிலிருந்து வேறொரு வீடியோ தமிழில் பரவியது, வடமாநிலத்தவர் தமிழர்களைத் துரத்துகிறார்கள் என்று. கம்பெனி வாசலில் நடந்த தகராறு அது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே ஊர் தமிழில் ஒரு விதமாகவும் இந்தியில் நேர்மாறாகவும் சொல்லப்பட்டது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் அடிவாங்கியதாக நம்பின. பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைப்பவர்களின் போனில் ஓடியது இது.

பல்லடத்துக்காரர் | 5 நவம்பர் 2025, இரவு 10.05

சரிங்க. அந்த மாதிரி வீடியோ கைக்கு வந்தா என்ன பண்றது? கம்ப்யூட்டர் தெரியாத ஆளுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க.

சரிபார்ப்பு கோவை | 6 நவம்பர் 2025, காலை 10.40

போன் ஒன்று போதும்.

முதலில், பகிரப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குறைந்தது ஐந்து கை தாண்டி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகையதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். அம்பு இல்லாததால் நம்பகமானது என்று ஆகாது. ஒருவர் தரவிறக்கிப் புதிதாக ஏற்றினால் அம்பு போய்விடும்.

பிறகு வீடியோவை நிறுத்தி மூன்று இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, கூட்டமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. மேலே ஒட்டிய எழுத்தையும் லோகோவையும் வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் எழுத்தைத்தான் தேடும், படத்தைத் தேடாது. முதல் தடவை கிடைக்காவிட்டால் இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். கண்டுபிடிக்கக் கூடாது என்றே பலர் திருப்பிப் போட்டு அனுப்புகிறார்கள்.

அதோடு படத்துக்குள்ளேயே தேடுங்கள். கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம், பஸ் என்ன நிறம், போலீஸ் தொப்பி எப்படி, ஆட்கள் என்ன மொழியில் கத்துகிறார்கள். திருப்பூர் வீதி என்று வந்த வீடியோவில் ஒரு தமிழ்ப் பலகைகூட இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

தமிழ்நாட்டில் வீடியோவைவிடத் தொல்லை நியூஸ் கார்டு. சேனல் லோகோ, தலைவர் படம், இரண்டு வரி. பத்து நிமிடத்தில் போலி தயாராகிவிடும். அதற்குத் தனி வழி: கார்டில் உள்ள தேதியைப் பிடித்து, அந்தச் சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்தில் அதே நாளுக்குப் போங்கள். அதே கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதே படத்தோடு வேறு வாசகம் கிடைக்கும். அதை எடுத்துத்தான் எழுத்தை மாற்றியிருப்பார்கள். அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்தால் எழுத்துரு தடிமன் வேறுபடும், வரிக்கு வரி இடைவெளி மாறும், ற-ர, ன-ண பிழை தெரியும். கார்டில் தேதியே இல்லை என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதும்.

பேச்சுத் துண்டு என்றால் முழுப் பேச்சைத் தேடாமல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். ‘அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று எதிரி வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, ‘அது தவறு’ என்று முடித்த பேச்சில், முன்னும் பின்னும் நறுக்கினால் எதிரி வாதம் அவருடையதாகிவிடும். நறுக்கிய இடத்துக்கு முன் ஒரு நிமிடம், பின் ஒரு நிமிடம் கேட்டால் போதும்.

சோமனூர் தறி | 6 நவம்பர் 2025, இரவு 11.20

இதை அச்சடிச்சு பேக்கரியில ஒட்டணுமுங்க.

ஈரோட்டு வாசகன் | 7 நவம்பர் 2025, காலை 7.00

பொய்யைக் கண்டுபிடிக்கும் வழியே பேசிக்கொண்டிருக்கிறோம். பொய்யே இல்லாத பிரச்சாரத்துக்கு இதெல்லாம் உதவாது. 2021 ஜூலை 7 அன்று எல். முருகன் ஒன்றிய இணை அமைச்சர் ஆனார். அமைச்சர்கள் பற்றிய குறிப்பில் அவர் ஊர் ‘கொங்கு நாடு’ என்று இருந்தது. சில நாளில் ஒரு நாளிதழ், கொங்கு நாட்டைத் தனியாகப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பொருளில் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. அப்புறம் எல்லாச் சேனலிலும் அதே விவாதம், ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும். அப்படி எந்த முன்மொழிவும் பரிசீலனையில் இல்லை என்று ஒன்றிய அரசு அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது.

தனி மாநிலம் வேண்டும் என்று எத்தனை பேர் மனம் மாறினார்கள்? கண்ணுக்குத் தெரிய யாரும் இல்லை. ஆனால் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். நூல் விலை ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது, பேச வேறு விஷயமில்லாமல் இல்லை. மெக்கோம்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் 1968 அமெரிக்கத் தேர்தலில் சேப்பல் ஹில் வாக்காளர்களிடம் கண்டதும் இதைத்தான். ஊடகம் பெரிதாகக் காட்டிய வரிசையும், முக்கியம் என்று மக்கள் சொன்ன வரிசையும் அச்சாகப் பொருந்தின.

செய்திமேசை | 7 நவம்பர் 2025, பகல் 2.10

பொய்யில்லாத பிரச்சாரத்தில் இன்னொரு பாதி, காட்டாமல் விடுவது. அதை அளப்பது கடினம். புரூக்மன், கல்லா இருவரும் 2020 செப்டம்பரில் ஒரு வழி கண்டார்கள். தொடர்ந்து ஃபாக்ஸ் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து, ஒரு மாதம் எதிர்ப்பக்கச் சேனலான சி.என்.என். பார்க்க வைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தகவல்கள் மாறின, எது முக்கியம் என்ற எண்ணம் மாறியது, தங்கள் பழைய சேனல் சிலதை மறைக்கிறது என்று சொல்லவும் செய்தார்கள். டிரம்ப் மீதான அபிப்பிராயமும் ஓரளவு மாறியது. பணம் நின்றதும் பழைய சேனலுக்கே திரும்பினார்கள், மாற்றமும் பெரும்பாலும் கரைந்துபோனது.

கரூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 27, வேலுசாமிபுரம். விஜய் பேசிய த.வெ.க. கூட்டத்தில் நெரிசல், 41 உயிர். அன்று இரவே இரண்டு கதை தயாராகிவிட்டது. ஒரு பக்கச் சேனல்களில் வருகை தாமதமான நேரக்கணக்கு, காத்திருந்த கூட்டம், தண்ணீர் இல்லாதது. மறுபக்கத்தில் குறுகிய இடம், மின்சாரம் நின்றதாகப் புகார், போலீஸ் ஏற்பாடு, சதி என்ற சந்தேகம். இரண்டு பக்கமும் உண்மையான வீடியோத் துண்டுகளைத்தான் காட்டின. ஒரு பக்கம் காட்டியதை மறுபக்கம் காட்டவில்லை. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. விசாரணை முடியவில்லை, தீர்ப்பை மட்டும் வீட்டுக்கு வீடு எழுதி முடித்துவிட்டோம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு முன்னால் நின்று, யார் காரணம் என்று சொல்லச் சொல்லி மைக் நீட்டிய காட்சியை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இதுபோன்ற சமயத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதிர்ப்பக்கச் சேனலின் அதே நாள் செய்தியைப் பதினைந்து நிமிடம் பார்த்து, உங்கள் சேனலில் வராத தகவலை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கருத்து வேண்டாம், தகவல் மட்டும். பார்க்கும்போது கோபம் வரும். 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு, அரபு ஆதரவு என்ற இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டிய ஆய்வு 1985இல் வந்தது. இரண்டு தரப்பும் அது தங்களுக்கு எதிரானது என்றன. அதனால் ‘சாய்வு’ என்று தோன்றுவதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட முடியாது.

பல்லடத்துக்காரர் | 7 நவம்பர் 2025, இரவு 9.15

அப்ப என்ற வாதத்தை இப்படி வெச்சுக்கலாமுங்களா: சேனல் கட்சியை மாத்தறதில்ல, எதைப் பத்திப் பேசணும், எது காதுக்கே வரக்கூடாதுங்கறதை மாத்துது. சரி. சொந்தக்காரங்க குழுவுல பொய் போட்டாத் திருத்தலாமா, வேண்டாமா? திருத்தினா இன்னும் புடிவாதமாயிருவாங்கன்னு சொல்றாங்களே?

சரிபார்ப்பு கோவை | 8 நவம்பர் 2025, காலை 9.50

அந்தப் பயம் 2010இல் நைஹன், ரைஃப்லர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பிறகு வுட், போர்ட்டர் இருவரும் 50க்கும் மேற்பட்ட விஷயங்களில், 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, திருத்தம் எதிர்வினையாகத் திரும்புவதைக் காண முடியவில்லை. திருத்தினால் தகவல் திருந்துகிறது. கட்சி விருப்பம் திருந்தாது. இரண்டாவதை எதிர்பார்த்துப் பேசப் போவதால்தான் சண்டை வருகிறது.

திருத்தாமல் விடுவதன் விலை பெரிது. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மையாகத் தோன்றத் தொடங்கும் என்று 1977இலேயே காட்டிவிட்டார்கள், இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கேட்க வைத்து. அதனால் மறுக்கும்போது பொய்யை முழுதாகத் திரும்ப எழுதாதீர்கள். உண்மையை முதல் வரியில் போடுங்கள், ‘இது ஜோத்பூரில் நடந்தது’ என்று. அடுத்த வரியில், திருப்பூர் என்று சொல்லிப் பரப்புகிறார்கள் என்று ஒரே ஒரு முறை. மூன்றாவது வரியில் எப்படித் தெரியும் என்பது. அவ்வளவுதான். போலிப் படத்தை மறுபடி போட வேண்டியிருந்தால் குறுக்கே பெரிதாக ‘போலி’ என்று எழுதிய பிறகே போடுங்கள். எழுதாமல் போட்டால் உங்கள் பெயரோடு அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

போட்டவர் மாமாவோ சித்தப்பாவோ என்றால் முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், ‘மாமா, நீங்களே எடுத்துருங்க’ என்று. குழுவில் வைத்துச் சொன்னால் அது தகவல் பிரச்சினையாக இருக்காது, மரியாதைப் பிரச்சினையாகிவிடும். அனைவரிடமிருந்தும் நீக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. குழு நிர்வாகியும் நீக்கலாம். எழுத்து படிக்காத பெரியவர்கள் இருக்கும் குழுவில் முப்பது வினாடிக் குரல் பதிவு நன்றாக எடுபடும், அதுவும் அந்தக் குழுவில் மதிப்புள்ள ஒருவர் குரலில்.

நாமக்கல் பண்ணை | 8 நவம்பர் 2025, பகல் 1.00

சரிபார்ப்புக்காரர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க: வேகம். வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்லணும். மறுநாள் சொன்னா, அதுக்குள்ள நாலு குழு தாண்டிருக்கும், நம்ம திருத்தம் ஒரே குழுவுலதான் நிக்கும்.

ஈரோட்டு வாசகன் | 8 நவம்பர் 2025, மாலை 6.30

பேசாமல் இருப்பவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கடை வைத்திருப்பவர், பட்டறை நடத்துபவர், ஆர்டர் எடுப்பவர் எல்லாம் எந்தக் கட்சிக்காரரையும் பகைத்துக்கொள்ள முடியாது. இங்கே தொழில் செய்கிறவர்கள் அதிகம், அதனால் வாய் திறக்காதவர்களும் அதிகம். சத்தமாகப் பேசுகிறவர் கருத்துதான் ஊர்க் கருத்து என்று மற்றவர்கள் நினைத்து இன்னும் அடங்குகிறார்கள். நோல்-நாய்மன் 1974இல் ‘மௌனச் சுழல்’ என்று இதைத்தான் சொன்னார்.

உங்கள் குழுவில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. குழுவைத் திறந்து ‘அரட்டையை ஏற்றுமதி செய்’, ‘மீடியா இல்லாமல்’ என்று கொடுத்தால் எழுத்துக் கோப்பாக வரும். அதில் ஒரு மாத அரசியல் பதிவுகளை யார் யார் போட்டார்கள் என்று எண்ணுங்கள். இருநூறு பேர் குழு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். எண்ணினால் இரண்டு மூன்று எண்கள்தான் மாறி மாறி வரும். அந்தக் கோப்பை எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள், மற்றவர்கள் எண்ணும் பேச்சும் அதில் இருக்கின்றன.

செய்திமேசை | 9 நவம்பர் 2025, காலை 11.00

2026 சட்டமன்றத் தேர்தல் வரப்போகிறது, இப்போதே எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவத்தோடு வீடு வீடாக வருகிறார்கள், வதந்தியும் கூடவே வரும். சட்டம் எங்கே கை கொடுக்கும் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு போடும் செய்தி: ஒரே கட்டுரை, ஒரே படம், இரண்டு போட்டிப் பத்திரிகையில் வெவ்வேறு பெயரில் வந்தால் அது அறிகுறி. ஒரே பக்கத்தில் இரண்டு வேட்பாளரும் ‘வெற்றி உறுதி’ என்று வந்தாலும் அதேதான். தாளைத் தேதி தெரியும்படி முழுப் பக்கமாக வைத்து, மாவட்ட ஊடகச் சான்றளிப்பு கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். உறுதியானால் விளம்பரக் கட்டண அளவில் செலவுக் கணக்கில் ஏறும். சட்டமன்ற வேட்பாளரின் உச்சவரம்பு 40 லட்சம். தாமதமாகக் கொடுத்தால் நேரக்கெடு தாண்டிவிடும், பெரும்பாலான புகார் அங்கேதான் விழுகிறது.

துண்டுப்பிரசுரம், சுவரொட்டி: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தேர்தலுக்கு முந்தைய இரவு வாசலில் போட்டுவிட்டுப் போகும் மொட்டைத் தாளில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டி.வி.யில் தேர்தல் பிரச்சாரம் கூடாது, உள்ளூர்க் கேபிள் சேனலும் இதில் அடக்கம். அச்சுப் பத்திரிகை அந்தத் தடைக்குள் வராது. கடைசி இரண்டு நாள் விளம்பரத்துக்கு மட்டும் முன்சான்று வேண்டும்.

பல்லடத்துக்காரர் | 9 நவம்பர் 2025, இரவு 8.45

ஃபேஸ்புக்ல காசு குடுத்து ஓட்டற விளம்பரத்தை யாரு ஓட்டறாங்கன்னு எப்படீங்க பாக்கறது?

சரிபார்ப்பு கோவை | 10 நவம்பர் 2025, காலை 8.30

மெட்டா விளம்பர நூலகத்தைத் திறந்து, நாடு இந்தியா, வகை ‘சமூகப் பிரச்சினைகள், தேர்தல்கள் அல்லது அரசியல்’ என்று தேர்ந்தெடுத்துப் பக்கத்தின் பெயரைப் போடுங்கள். காசு கட்டியது யார், எந்த அளவுக்குள் செலவு, எந்த மாநிலம், எந்த வயதுக்காரருக்குக் காட்டப்பட்டது என்பதெல்லாம் வரும். மாவட்டம் வரை இறங்காது. யூடியூப் விளம்பரத்துக்கு கூகுள் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்தில் இதே மாதிரித் தேடலாம்.

காசு கட்டியவர் என்று ஏதோ ஒரு பக்கத்தின் பெயரே இருந்தால், அந்தப் பக்கத்துக்குள் போய் ‘அறிமுகம்’ பகுதியில் ‘பக்க வெளிப்படைத்தன்மை’யைத் தொடுங்கள். எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்று காட்டும். வேலைவாய்ப்புப் பக்கமாகவோ சமையல் பக்கமாகவோ தொடங்கி ஆள் சேர்த்துவிட்டு, தேர்தல் நெருங்கும்போது பெயரை மாற்றிக்கொண்டவை அங்கே தெரிந்துவிடும். பெயர் மாறிய தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நீக்கிவிட்டால் அப்புறம் பார்க்கக் கிடைக்காது.